குற்றவாளி மாணவனா, பாடசாலையா?



பாடசாலையை வெறுத்துக் குழுவாகத் திரளும் மாணவரைக் ‘காவாலிகள்’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவது நீதியாகுமா?

இங்கிலாந்தின் அனுபவத்தை நோக்குவோம். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின், பதினோராம் வயதுப் பரீட்சையில் தேறாதோரிற் பெரும்பாலார் ‘செக்கண்டரி மொடேர்ண்’ பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கும் திறமைவாரியாக வகுப்புப் பிரித்து, சிலரைக் கடைசிப் பிரிவில் இருத்தினர். இருமுறை தோல்வி முத்திரை குத்தப்பெற்ற அச்சிறுவர், தம்மை மதியாத பாடசாலை மதிப்பவற்றைத் தாமும் மதியாராயினர். ஆசிரியரை எதிர்ப்பதையே தம்முட் பெருமையாக்கினர். இத்தகைய ஒரு பாடசாலையை ஆராய்ந்த டேவிட் ஹார்கிரீவ்ஸ் 1967இல் இதனை எடுத்துக்காட்டினார்.

தொழிலாளர் மைந்தர் பன்னிருவரை ஆராய்ந்து 1977இல் நூல் வெளியிட்ட போல் வில்லிஸ், மேலும் ஒன்றைக் கண்டார். படித்தால் எவரும் உயரலாம் என்ற வாக்குறுதியை அவர்கள் நம்பவில்லை. அந்த ஐயத்தில் உண்மையும் இருந்தது. ஆயினும், அவ்வெதிர்ப்பே அவர்களைத் தந்தையரின் உடலுழைப்புத் தொழிலுக்கே இட்டுச் சென்றது. பூட்டிய விலங்கில் அவர்தம் கையும் இருந்தது.

ஆகவே, தண்டிக்க முனையுமுன் நாம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: பாடசாலையை இவன் தள்ளினானா, இவனைப் பாடசாலை முதலில் தள்ளியதா? இதற்கு விடை காணும்வரை தீர்ப்பு ஒத்திவைக்கப்படுக!