ஆயாக் கொட்டகையை மறந்த ஆய்வு



இம்மாநாட்டில் தலைமையுரை ஆற்றச் சொல்லிக் கடிதம் வந்தபோது மகிழ்ந்தேன். அழைப்பிதழ் அச்சாகி, முன்வரிசையில் யார் யார் அமரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த மகிழ்ச்சி கொஞ்சம் வற்றிவிட்டது. என் கட்டுரைகளில் அடிக்குறிப்பாக இருப்பவர்கள் பலர் இன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிழை இருந்தால் தேநீர் இடைவேளை வரை பொறுத்தருள வேண்டும்.

மூப்படையும் சமுதாயத்தில் குடும்பப் பராமரிப்பு என்பது இம்மாநாட்டின் கருப்பொருள். 2030 வாக்கில் மலேசிய மக்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தொட்டிருப்பர் என்ற கணிப்பு உங்களுக்குத் தெரிந்ததே. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு என்பதும் தெரியும். கோலாலம்பூரில் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்ட ஆய்வைக் கசானா ஆய்வுக் கழகம் அதே ஆண்டில் வெளியிட்டது. சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் பெண்கள் ஆண்களைவிட 63.6 விழுக்காடு அதிக நேரம் செலவிடுவதாக விடை வந்தது. இவற்றை நானே விரித்துப் பேசினால் பிற்பகல் அமர்வுக்காரர்களுக்கு வேலை இருக்காது. விட்டுவிடுகிறேன்.

என்னை உறுத்துவது வேறு. வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன. முன்பு கூட்டுக் குடும்பம் இருந்தது, அது சிதைந்தது, அதனால் நோயாளியையும் முதியவரையும் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தஞ்சாவூரில் இப்படி எழுதினால் அங்குள்ளவர்கள் வாதாடிக்கொள்ளட்டும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உட்கார்ந்து எழுதுகிறவர்களைக் கேட்கிறேன்: எந்தக் கூட்டுக் குடும்பம்?

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி கூட்டிவந்த கப்பலில் பாட்டிக்கு இடமில்லை. பால்மரம் வெட்டக்கூடிய கைகளுக்குத்தான் பயணச்சீட்டு. முதல் தலைமுறையில் ஆண்கள் மிகுதி. பிறகு இளம் தம்பதியர் வந்தனர். அப்பனும் ஆத்தாளும் ஊரிலேயே தங்கினார்கள். 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளின் பயணத்தை நிறுத்தும்வரை போவதும் வருவதுமாகவே இருந்த சமுதாயம் இது. பேரப்பிள்ளை, பாட்டி, பூட்டி என்று தோட்டத்து லய வீடுகளில் மூன்று நான்கு தலைமுறை சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். அப்படியானால் அதுவரை கைக்குழந்தையை யார் பார்த்தார்கள்?

ஆயா பார்த்தார். இந்தப் பதிலைப் பல கூட்டங்களில் சொல்லிவிட்டேன்; இன்னொரு முறை சொல்ல இந்த நாற்காலி உரிமை தருகிறது.

வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது. ஆகவே விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டு, விடிந்ததும் மரம் வெட்டும் நிரை. அந்த இருட்டில் தாய், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குப் போனாள். வரிசையாகத் தூளிகள். பெரும்பாலும் மரம் வெட்ட உடம்பு ஒத்துழைக்காத மூத்த பெண் ஒருத்தி அங்கே இருப்பாள். பால் காய்ச்சிக் கொடுப்பதும், பீ மூத்திரம் துடைப்பதும், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தனியே கிடத்தித் தோட்ட மருந்தகத்து டிரஸருக்குச் சொல்லி அனுப்புவதும் அவள் வேலை. அதற்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. சொற்பச் சம்பளம்தான். ஆனாலும் சம்பளப் பதிவேடான செக்ரோலில் அவளுக்குப் பெயர் இருந்தது. பராமரிப்பு என்பது வேலை, அதற்குக் கூலி உண்டு என்பதை நம் சமுதாயம் சமூகவியல் நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாதச் சம்பள நாளில் வரிசையில் நின்று பார்த்தது.

இங்கே இரண்டு தரப்பு நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. ஒரு தரப்பு, கொட்டகை வெள்ளைக்காரத் துரையின் கண்துடைப்பு என்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் என் கட்டுரைக்குப் பிறகு எழுந்த மூத்த நண்பர் அதைச் சொல்லி அமர்ந்தார். கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. பல தோட்டங்களில் கொட்டகை படுமோசமாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. துரைக்குப் பிள்ளையின் மேல் பாசமில்லை; தாயின் கை மரத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கு. ஆனால் துரையின் நோக்கத்தை விளக்கிவிட்டால் ஆயாவின் உழைப்பை விளக்கியதாகுமா? மறு தரப்பு, அதெல்லாம் தமிழ்ப் பெண்ணின் இயல்பான தாய்மை என்கிறது. இது முந்தையதைவிடப் பெரிய அநியாயம். தாய்மைக்கு யாரும் சம்பளம் கேட்க முடியாது அல்லவா?

நம் துறைப் பெரியவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவிட்டு மலேரியாவை அடக்கிய கதையை எல்லோரும் எழுதிவிட்டோம். அது எழுதவேண்டிய கதைதான். வடிகால் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் குளிர்காய்ச்சலில் நடுங்கியவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவளைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினோம்? கெர்னியல் சிங் சந்துவின் 1969 நூல் இல்லாமல் நாம் யாருமே இல்லை. ஆனால் எத்தனை பேர் வந்தார்கள், எங்கே குடியேறினார்கள் என்பதே அதன் கேள்வி. லெனோர் மாண்டர்சன் 1996இல் காலனியச் சுகாதாரத்தை விரிவாக எழுதினார். அருணிமா தத்தா 2021இல் கூலிப் பெண்களை வரலாற்றின் நடுவே கொண்டுவந்தார். வாசல் திறந்திருக்கிறது. நாம்தான் இன்னும் நிலைப்படியில் நிற்கிறோம்.

சம்பளத்தையும் பாருங்கள். இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி 1936 இறுதியில் இங்கே வந்து, மறு ஆண்டு அறிக்கை கொடுத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய விகிதத்தை மீட்கச் சொன்னார். அந்தப் 10 காசு வித்தியாசத்தைத் தொழிற்சங்க வரலாறாகவே படித்து வருகிறோம். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் வேலைக்குப் போகாமல் இருப்பது என்பதைத் தீர்மானித்த காசும் அதுதான். நாற்பது காசுக்காரி நின்றால் நட்டம் குறைவு. அன்பு, கடமை, பெண்மை என்ற விளக்கங்களெல்லாம் இந்தக் கணக்கின் மேல் பூசிய சுண்ணாம்பு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மருந்தடிக்கும் வேலை பிறகு வந்தது. களைக்கொல்லித் தோம்பை முதுகில் சுமந்து தோட்டத்தில் நடந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 2002இல் தெனாகனித்தா அமைப்பு அவர்களின் நச்சுப் பாதிப்பை ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்குத் தடை வந்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. 2020இல்தான் முற்றாக நின்றது. நகம் கறுத்து, மூச்சு வாங்கி வீட்டுக்கு வந்தவள்தான் மாலையில் மாமியாருக்குச் சோறு ஊட்டினாள். பராமரிக்கிறவரையும் நோயாளியையும் நம் ஆய்வு வினாநிரல்கள் இரண்டு தனித்தனி ஆட்களாகவே வைத்துக் கேட்கின்றன. அந்த லயத்தில் இருவரும் ஒருத்தியே.

பிறகு தோட்டங்கள் போயின. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போயின. அவர்களோடு ஆயாக் கொட்டகை போகவில்லை. தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் சொல்கிறது. தோட்டமே இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்துக்கு என்ன வேலை? சிதைந்தது கூட்டுக் குடும்பம் என்று எழுதுகிறோமே, உண்மையில் காணாமற்போனது சம்பளம் பெற்ற ஓர் ஆள். மின்தூக்கி இல்லாத நாலாம் மாடியில், வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் போகும் கணவரை இறக்கி ஏற்றுகிற மனைவிக்கு எந்த முதலாளி வேலை கொடுப்பார்? அவள் வேலையை விட்டதை ‘குடும்பப் பொறுப்பு’ என்று வினாநிரலின் ஒரு கட்டத்தில் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம்.

சட்டம் நகரவே இல்லை என்று சொல்லமாட்டேன். இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. வீட்டு வேலையில் அடிபட்டால் அதுவும் விபத்து என்று சட்டம் முதன்முதலாக ஒப்புக்கொண்டது. 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள். பதினான்கில் ஒரு பங்கு. அப்பாமார்கள் மேல் நாடாளுமன்றத்துக்கு இருக்கும் நம்பிக்கை அவ்வளவுதான் போலும். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அந்தப் பேறுகாலப் பகுதியே பொருந்தாது.

பணிப்பெண் என்றதும் அவையில் சிலர் அசைகிறீர்கள். நம்மில் பலர் இன்று இங்கே வர முடிந்தது, வீட்டில் படுத்திருக்கும் அம்மாவை ஓர் இந்தோனேசியப் பெண் பார்த்துக்கொள்வதால்தான். அவளுடைய அம்மாவை அங்கே யார் பார்க்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. லயத்தில் பெற்ற பிள்ளையை ஆயாவிடம் விட்டவளின் பேத்தி இன்று எஜமானி; கிராமத்தில் பிள்ளையை விட்டுவந்தவள் இன்று ஆயா. இந்தத் தொடர்ச்சியைப் பற்றி இம்மாநாட்டுக்கு ஒரு கட்டுரையும் வரவில்லை. ஏற்பாட்டுக் குழுவைக் குறை சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆயாவாக வேலை செய்த பெண்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் முதிர்ந்த வயதினர். காப்பாரிலும் பந்திங்கிலும் கோலசிலாங்கூரிலும் தேடினால் கிடைப்பார்கள். ஆய்வுக்கோவை அச்சிட ஒதுக்கியிருக்கும் பணத்தை இந்த ஒரு முறை அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யச் செலவிடலாம் என்பது என் முன்மொழிவு. என்ன சம்பளம், ஒரு கையில் எத்தனை பிள்ளை, பிள்ளை இறந்துபோனால் யார் கேள்வி கேட்டார்கள், தனக்கு நோய் வந்தபோது யார் பார்த்தார்கள்: இவற்றைக் கேட்க மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். பொருளாளர் இப்போதே நெற்றியைச் சுருக்குகிறார். பொதுக்கூட்டம் மாலை நான்கு மணிக்கு. அங்கே அவரோடு வாதாட எனக்கு இரண்டு வாக்குகளாவது தேவைப்படும்.

முதல் அமர்வின் தலைவர் மேடைக்கு வரலாம்.