எந்த நூல்? எந்தத் தெரு?



மலைப்பங்கு ஒன்றில் நாம் அறிந்த பாட்டி ஒருவர், அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் குல்லா பின்னிக் கொடுப்பார். வெளிநாட்டிலுள்ள மகள் இந்த முறை ஒரு பெட்டி நிறைய நூற்கண்டுகள் அனுப்பியிருந்தார். பேரன் சீட்டுகளை வாசித்தான். ஒன்று பாலிலிருந்து, ஒன்று மூங்கிலிலிருந்து, ஒன்று பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து! பாட்டி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "ஆடு நூல் கொடுக்கும், செடி கொடுக்கும், பட்டுப்புழு கொடுக்கும். பாலும் பாட்டிலுமா கொடுக்கும், சாமி?" என்று நம்மிடம் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. கொழுப்பு நீக்கிய பாலிலுள்ள கேசின் என்னும் புரதத்தைப் பிரித்துக் கரைத்து, இடியாப்பம் பிழிவதுபோல் நுண்துளைகள் வழியே பிழிந்து இழையாக்குகிறார்கள். இத்தாலியில் 1930-களிலேயே இதை 'லானிடால்' என்ற பெயரில் விற்றார்கள். மூங்கில் நூல் பெரும்பாலும் மூங்கில் கூழை வேதிப்பொருளில் கரைத்து எடுக்கும் விஸ்கோஸ்தான். பாட்டிலைக் கழுவி, நறுக்கி, உருக்கி இழுத்தால் பாலியஸ்டர்.

பால் நூலைப் பாட்டி ஏற்றுக்கொண்டார். பாட்டில் நூலை மட்டும் தொடவில்லை. "குப்பையில் கிடந்ததைப் பச்சைப்பிள்ளை தலையில் வைக்கிறதா?" என்றார். கண்ணை மூடித் தொட்டுப் பார்க்கச் சொன்னான் பேரன். பழகிய கையல்லவா, எது எந்த நூல் என்று சரியாகவே சொல்லிவிட்டார். பிறகு, "இதுவும் மெத்தென்றுதான் இருக்கு" என்று ஊசியை எடுத்தார்.

அன்பார்ந்தவர்களே, நூலுக்கு மூலம் கேட்பதில் தவறில்லை. எது வெந்நீரில் சுருங்கும், எது சூடு தாங்காது என்று பின்னுகிறவர் அறிய வேண்டும். மனிதரிடம் இதை ஏன் கேட்கிறோம்? பங்குக்குப் புதிய குடும்பம் வந்தால் "எந்த ஊர்?" என்று தொடங்கி, "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று முடிக்கிறோம். பதில் தெரிந்ததும் நம் முகம் மாறுகிறது. பெண் பார்ப்பதிலும், தேர்வடம் பிடிப்பதிலும், சில ஊர்களில் கல்லறையிலும்கூட அந்தச் சீட்டைக் கிழித்தெறிய நமக்கு மனம் வருவதில்லை. குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, அவர் செய்துகொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுததாகத் திருத்தூதர் பணிகள் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எந்த நூல் என்று அங்கே யாரும் பேசவில்லை. யாருக்காகச் செய்தார் என்பதே நிலைத்து நின்றது. நமக்கும் திருமுழுக்கில் அணிவிக்கப்பட்டது ஒரே வெள்ளாடை. நாம் அணிந்திருப்பது கிறிஸ்துவையே என்று புனித பவுல் கலாத்தியருக்கு நினைவூட்டுகிறார். அதற்கு மேல் தெருவின் பெயரை ஒட்டுவது யார்?

வரும் ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிரும்போது, வழக்கமாக நாம் திரும்பாத பக்கம் திரும்புவோம். தெருவைக் கேட்காமல் பெயரைக் கேட்போம்.

ஆண்டவரே, எங்கள் எல்லாரையும் உமது கையில் ஒரே ஆடையாகப் பின்னியருளும். ஆமென்.