இடது கையால் சுற்றிய சக்கரம்

கையால் சுற்றும் தையல் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் வலப்பக்கம் இருக்கும். வலது கையை அசைத்தாலே வலிக்கும் ஒரு பெண் அதில் எப்படித் தைப்பார்? தெற்கு ஜெர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரில் வாழ்ந்த மார்கரெட்டே ஷ்டைஃப், மெஷினையே முன்பின்னாகத் திருப்பி வைத்துக்கொண்டார். சக்கரம் இடது கைக்கு வந்துவிட்டது. தைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், இது லேசான காரியம் இல்லை. விலகி ஓட வேண்டிய துணி நம்மை நோக்கி வரும். கண்ணும் கையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும்.

1847இல் பிறந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் செயலிழந்தன. கைவண்டியில் உட்காரவைத்துப் பள்ளிக்கு இழுத்துப் போவார்கள். பெற்றோர் வைத்தியம் தேடி அலைந்தார்கள், பலனில்லை. அந்த அலைச்சல் போதும் என்று இளவயதிலேயே முடிவெடுத்தவர் மார்கரெட்டேதான். தையல் பள்ளிக்குப் போனார். அக்காமார்களோடு ஊராருக்கு உடை தைத்தார்.

நடக்க முடியாத பெண்பிள்ளை ஊசி நூலை எடுத்தால், "பாவம், பொழுது போகட்டும்" என்பார்கள் நம் ஊரில். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். மார்கரெட்டே தையலில் சம்பாதித்தார். 1877இல் ஃபெல்ட் உடைகளுக்குச் சொந்தமாகக் கடை வைத்தார்.

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. ஆட்டு ரோமத்தைச் சூட்டிலும் ஈரத்திலும் அழுத்தித் தேய்த்து ஒன்றாக்குவது. ஊடும் பாவும் இல்லாததால், வெட்டிய இடத்தில் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்கவும் வேண்டாம். காது, தும்பிக்கை மாதிரி சின்ன வளைவுகளை வெட்ட இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, குண்டூசி குத்தி வைக்க ஃபெல்ட்டில் குட்டி யானை தைத்தார். பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். 1886க்குள் 5,000க்கும் மேற்பட்ட யானைகள் விற்றன.

உலகம் அறிந்தது 1902இல் அவருடைய தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்ட் வடிவமைத்த கரடியை. 'டெடி' என்று பெயர் வாங்கி அமெரிக்காவெங்கும் போன கரடி அது. 1907இல் மட்டும் 9,74,000 கரடிகள். அவருடைய பொம்மை ஆலையில் 400 பேர், வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவர்கள் 1,800 பேர். இருந்தாலும் என் மனசு அந்த யானையிடம்தான் நிற்கிறது. அது முழுக்க அவர் கையில் உருவானது.

தொழில் இவ்வளவு பெருகிய பிறகும் புதுப் பொம்மை என்றால் முதல் மாதிரியை அவரே தைத்துப் பார்ப்பார். எந்தத் தையல் இழுக்கிறது, எந்த வெட்டு சரியில்லை என்பதைத் தன் கையால் கண்டுபிடித்த பிறகே மற்றவர்களிடம் கொடுப்பார். 1909இல் நிமோனியாவில் இறந்தார், 61 வயது.