மூணாம் பருவத்துல நம்ம பிள்ளைகள் என்ன படிச்சாங்க?

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில், ஆண்டு இறுதிப் பெற்றோர் கூட்டத்தில் நமது கிளைத் தோழர் ஆற்றிய உரை. கேட்டவர்கள் பலரும் எழுத்தில் வேண்டும் என்று சொன்னதால், பேசியது பேசியபடியே இங்கே பதிவிடுகிறோம். பொறுமையாகப் படியுங்கள். பகிருங்கள்.)



முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இன்னைக்கு நான் கட்சிக் கொடியோட வரல. மளிகைக்கடைக்காரனா வந்திருக்கேன், ஒரு பையனோட அப்பாவா வந்திருக்கேன். அதனால யாரையும் திட்டப் போறதில்ல, யாரையும் புகழவும் போறதில்ல. ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரைக்கும், இந்த மூணாம் பருவத்துல, நம்ம பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு மட்டும் பேசப் போறேன்.

நம்ம ஊர்ப் பிள்ளைங்க படிப்பை நான் மார்க் ஷீட்டுல பார்க்கிறதில்ல. கடைக் கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கிறவன் நான். மூணாவது படிக்கிற ஒரு பொண்ணு, பேர் வேண்டாம், கூச்சப்படும், தினமும் கடைக்கு வரும். டிசம்பர் மாசம் வரைக்கும் அது நூறு ரூபாயை நீட்டும், சாமானை வாங்கும், நான் குடுக்கிற மீதியை எண்ணாமலே பொத்திக்கிட்டு ஓடும். மார்ச் மாசம் ஒருநாள், பில் 63 ரூபாய். நான் கல்லாவுல கையை விடறதுக்குள்ள, "முப்பத்தேழு ரூபா குடுங்க மாமா"ன்னு சொல்லுச்சு. எனக்குச் சட்டுன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்படிம்மா சொன்னேன்னு கேட்டேன். "63ல இருந்து 70க்கு ஏழு, 70ல இருந்து நூறுக்கு முப்பது"ன்னுச்சு. இதுதாங்க மூணாம் பருவம்! மூணே மாசத்துல அந்தப் பிள்ளையை இனி எந்தக் கடைக்காரனும் ஏமாத்த முடியாதுங்கிற நிலைக்குக் கொண்டு வந்து நிறுத்தியிருக்காங்க நம்ம டீச்சர்.

கை தட்டுங்க, தட்டலாம். ஆனா அடுத்து நான் சொல்லப்போறது என் வீட்டுக் கதை. அதுக்குக் கை தட்ட முடியாது.

அன்னைக்கு ராத்திரி சந்தோஷமா வீட்டுக்குப் போனேன். என் மகன் நாலாவது படிக்கிறான். இந்தப் பொண்ணைவிட ஒரு வகுப்பு மேல. ஒரு தாளை எடுத்து 52, அதுக்குக் கீழ 27ன்னு எழுதிக் கழிக்கச் சொன்னேன். அவன் 35ன்னு எழுதினான். இன்னொரு கணக்கு குடுத்தேன், அதுவும் தப்பு. கோபம் வந்துருச்சு. கத்தினேன். "மேடையில ஏறி கல்வி உரிமைன்னு ஊருக்கெல்லாம் பேசறேன், நீ ஒரு கழித்தல் போட மாட்டியா"ன்னு கேட்டேன். அவன் அழுதுட்டே தூங்கிட்டான். என் வீட்டம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "ஊருக்குப் பேசற நீங்க, இந்த வருஷம் எத்தனை நாள் அவன் நோட்டைத் திறந்து பார்த்தீங்க?" என்கிட்ட பதில் இல்ல.

மறுநாள் டீச்சர்கிட்டப் போய் நின்னேன். டியூசன் வைக்கணுமான்னு கேட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே பையனைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டேன்னு சொல்லச் சொன்னாங்க. அவன் சொன்னான்: "2ல இருந்து 7 போகாது. அதனால 7ல இருந்து 2 போனா 5. அப்புறம் 5ல 2 போனா 3. முப்பத்தஞ்சு." பாருங்க, அவன் ஒண்ணும் தெரியாத பிள்ளை இல்ல. ஒரு விதியை அவனே உண்டாக்கிக்கிட்டு ஒழுங்கா அதன்படி போட்டிருக்கான். விதிதான் தப்பு.

டீச்சர் ஈர்க்குச்சி எடுத்தாங்க. பத்துப் பத்தா அஞ்சு கட்டு கட்டி, தனியா ரெண்டு குச்சி வச்சாங்க. இதுல இருந்து 27 எடுத்துக் குடுன்னாங்க. அவன் ரெண்டு கட்டு எடுத்தான். ஏழு தனிக்குச்சி வேணும், இருக்கிறதோ ரெண்டு. கொஞ்ச நேரம் முழிச்சான். அப்புறம் அவனாவே ஒரு கட்டைப் பிரிச்சான். பன்னிரண்டு குச்சி ஆச்சு. ஏழை எடுத்தான், அஞ்சு மிச்சம். ரெண்டு கட்டும் அஞ்சு குச்சியும். "இருவத்தஞ்சு!"ன்னு கத்தினான். 'கடன் வாங்கிக் கழித்தல்'னு நாம மனப்பாடம் பண்ணோமே, யார்கிட்டக் கடன் வாங்கறோம், எதுக்கு வாங்கறோம்னு எனக்கே அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

தாய்மார்களே, இந்தப் பருவத்துல நம்ம பிள்ளைங்க படிச்சதெல்லாம் இந்த மாதிரிதான். வெளியில இருந்து பார்த்தா சின்னச் சின்ன விஷயம். ஒவ்வொண்ணும் ஒரு மலை.

ஒண்ணாவது, ரெண்டாவது பிள்ளைங்களை எடுத்துக்குங்க. நம்ம தமிழுக்கு 247 எழுத்து. அதுல உயிர்மெய்தான் பெரிய காடு. 'கொக்கு'ங்கிற சொல்லைப் பாருங்க. முதல்ல கொம்பு நிக்குது, நடுவுல க, பின்னாடி கால். மூணு வடிவம் நிக்குது, ஆனா வாயில வர்றது ஒரே ஒலி, 'கொ'. அஞ்சாறு வயசுப் பிள்ளைக்கு இது எவ்வளவு குழப்பம்னு யோசிங்க. நமக்கு மறந்துபோச்சு, அவ்வளவுதான். ஜனவரியில எழுத்துக் கூட்டித் தடவித் தடவிப் படிச்ச பிள்ளைங்க இப்போ பஸ்ல எழுதியிருக்கிற ஊர்ப் பேரை வாசிக்குது. என் கடைப் பலகையில எழுத்துப்பிழை இருக்குன்னு ஒரு ரெண்டாங்கிளாஸ் பிள்ளை வந்து சொல்லிட்டுப் போச்சு. உண்மைதான், 'பருப்பு'க்குப் பெயிண்டர் 'பறுப்பு'ன்னு எழுதிட்டார். மாத்திட்டேன்!

பாட்டிங்க இங்க இருக்கீங்க. நீங்க 'யானை'ன்னு எழுதும்போது தும்பிக்கை போட்ட 'னை' எழுதுவீங்க இல்லையா? 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு அது மாறிடுச்சு. பேரப்பிள்ளைகிட்ட அந்தப் பழைய எழுத்தை எழுதிக் காட்டுங்க. அதுங்க வியந்து பார்க்கும். நீங்களும் ஒரு டீச்சர்தான்.

நாலாவது, அஞ்சாவது பிள்ளைங்க பின்னம் படிக்குது. அரை பெருசா, கால் பெருசான்னு எழுதிக் கேட்டா, நிறைய பிள்ளைங்க கால்தான் பெருசுன்னு சொல்லும். ஏன்னா கீழ 4 இருக்கு, 2ஐ விட 4 பெருசு. ஆனா அதே பிள்ளை என் கடைக்கு வந்து, "அரைக்கிலோ சீனி, கால்கிலோ துவரம்பருப்பு"ன்னு கேட்கும்போது தப்பே பண்றதில்ல. அறிவு வீட்டுல இருக்கு, கடையில இருக்கு, தோசைக்கல்லுல இருக்கு. அதைப் புத்தகத்தோட சேர்த்துவைக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் டீச்சர் மட்டும் இல்ல, நீங்களும்தான்.

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வர்றேன்.

2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்போ, பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு அவங்க நிலைக்கு ஏத்தாப்புல குழுவாப் பிரிச்சுச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாங்க. சில பெற்றோர் வந்து, "என் பிள்ளையை எப்படி அரும்புல போடலாம்"னு சண்டை போட்டதா டீச்சர் சொன்னாங்க. அய்யா, அரும்புங்கிறது அவமானம் இல்ல. பிள்ளை நிக்கிற இடம் அதுதான்னு தெரிஞ்சாத்தான் கையைப் பிடிச்சு அடுத்த படி ஏத்த முடியும். மூணாவதுல உக்காந்துக்கிட்டு ஒண்ணாவது பாடம் புரியாத பிள்ளைக்கு மூணாவது பாடத்தையே நடத்திக்கிட்டிருந்தா யாருக்கு லாபம்?

நம்ம மாநிலத்துல எட்டாவது வரைக்கும் யாரையும் அதே வகுப்புல நிறுத்தி வைக்கிறதில்ல. அது சரியான முடிவு, நான் ஆதரிக்கிறேன். பத்து வயசுப் பிள்ளை மேல ஃபெயில்னு முத்திரை குத்தினா அது ஆடு மேய்க்கவோ பட்டறைக்கோ போயிடும். ஆனா, "பாஸ் ஆயிட்டான்"ங்கிறதும் "கத்துக்கிட்டான்"ங்கிறதும் ஒண்ணு இல்ல. நான் ஏமாந்தது இங்கதான். நாலாவதுக்குப் போயிட்டான், அதனால மூணாவது பாடம் தெரியும்னு நானே நினைச்சுக்கிட்டேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்ல. அசர்னு ஒரு ஆய்வு, நாடு முழுக்க கிராமங்கள்ல வீடு வீடாப் போய்ப் பிள்ளைங்களைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறாங்க. 2024 அறிக்கையில, அரசுப் பள்ளி மூணாவது பிள்ளைங்கள்ல ரெண்டாவது பாடத்தைச் சரளமா வாசிச்சவங்க 23.4 சதவீதம். கழித்தல் போட்டவங்க 27.6 சதவீதம். முன்னாடியைவிட இது ஏறியிருக்குங்கிறது நல்ல சேதி. ஆனா நாலுல மூணு பிள்ளை இன்னும் அந்தப் படியை ஏறலைங்கிறதும் அதே கணக்குலதான் இருக்கு.

இதுக்கு டீச்சரைக் குறை சொல்லிட்டுப் போறது சுலபம். இந்தப் பள்ளிக்கூடத்தையே பாருங்க. 46 பிள்ளை, அஞ்சு வகுப்பு, ரெண்டே டீச்சர். ஒருத்தர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனா, ஒருத்தரே அஞ்சு வகுப்பு. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர் போதும்னுதான் சொல்லுது. தலையை எண்ணினாங்க, வகுப்பை எண்ணல. இது மாறணும். வகுப்புக்கு ஒரு ஆசிரியர்ங்கிறது பிச்சை இல்ல, நம்ம பிள்ளைங்களோட உரிமை. இதை நாம கேட்டுக்கிட்டே இருக்கணும், யார் ஆட்சியில இருந்தாலும்.

இன்னொரு விஷயம், இது நம்ம தெருவுல நடக்கிறது. தை பொறந்தா கரும்பு வெட்டு, செங்கல் சூளை வேலைன்னு குடும்பத்தோட கிளம்புறவங்க நம்ம ஊர்ல இருக்காங்க. வயித்துப்பாட்டுக்குப் போறாங்க, அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அவங்க கிளம்பற மாசமும் மூணாம் பருவம் தொடங்கற மாசமும் ஒண்ணுதான். அந்தப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் மூணாம் பருவமே கிடையாது. கட்டைப் பிரிக்கச் சொல்லிக்குடுக்கிற அன்னைக்கு அந்தப் பிள்ளை சூளையில கல்லைத் திருப்பிப் போட்டுக்கிட்டிருக்கும். ஜூன்ல வந்து உக்காரும்போது ஒண்ணும் புரியாது. ரெண்டு வருஷம் இப்படிப் போனா பள்ளிக்கூடமே வேண்டாம்னு சொல்லிடும். தாத்தா பாட்டிகிட்ட விட்டுட்டுப் போக முடிஞ்சா விட்டுட்டுப் போங்க, பள்ளிக்கூடத்துலயே சாப்பாடு இருக்கு. முடியலைன்னா, போற ஊர்ல இருக்கிற பள்ளிக்கூடத்துல சேர்க்கலாம். எந்த மாசத்துல போனாலும் சேர்த்துக்கணும்னுதான் சட்டம். கிளம்பறதுக்கு முன்னாடி டீச்சர்கிட்டயோ என் கடையிலயோ ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த ஊர்த் தோழர்களுக்குப் போன் போட்டுச் சேர்க்க வேண்டியது எங்க பொறுப்பு.

சரி, நாம என்ன செய்யணும்? மூணே மூணு வேண்டுகோள்.

ஒண்ணு. மே மாசம் முழுக்க லீவு. பிள்ளைங்க விளையாடட்டும், மாங்கா அடிக்கட்டும், தாத்தா ஊருக்குப் போகட்டும். ஆனா தினம் பத்து நிமிஷம், பிள்ளை சத்தமா வாசிக்க நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க. "எனக்கே படிக்கத் தெரியாதேப்பா"ன்னு ஒரு அம்மா என்கிட்டச் சொன்னாங்க. உங்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டாம் தாயி, கேட்கத் தெரிஞ்சாப் போதும். தடுமாறுதா, ஓடுதான்னு உங்க காதுக்கே தெரியும். அப்புறம், பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்க. மீதியை அதையே சொல்லச் சொல்றேன்.

ரெண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாங்க. அந்தக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. பேரு மட்டும் குடுத்துட்டு, கையெழுத்தை வீட்டுக்கு வந்து வாங்கிக்கச் சொல்லாதீங்க. வந்து உக்காந்து, கழிப்பறையில தண்ணி வருதான்னு கேளுங்க, காம்பவுண்டு சுவரைக் கேளுங்க. அதோட சேர்த்து இதையும் கேளுங்க: "எத்தனை பிள்ளை இப்போ சரளமா வாசிக்குது?"

மூணு. இது நம்ம இளைஞர்களுக்கு. போஸ்டர் ஒட்ட ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிக்கிறீங்க. லீவுல வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம் சமுதாயக்கூடத்துக்கு வாங்க. ஈர்க்குச்சி நான் கொண்டு வர்றேன், ரப்பர்பேண்டு என் கடையில இருக்கு. கதைப் புத்தகம் பள்ளி நூலகத்துல இருக்கு, தலைமையாசிரியர் அம்மா தர்றேன்னு சொல்லிட்டாங்க. எந்தக் கட்சிப் பிள்ளையா இருந்தாலும் வரலாம். கழித்தலுக்குக் கொடி கிடையாது.

முடிச்சிடறேன். கத்தின அன்னைக்கு ராத்திரி அழுதுட்டுத் தூங்கினானே என் மகன், அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன். இந்த மேடையிலயும் சொல்றேன், தப்பு என் மேலதான். போன வாரம் கடையில கூட்டமா இருந்துச்சு. பின்னாடி நின்னு அவன்தான் மீதி சொல்லிக்கிட்டிருந்தான். ஒரு தடவை நான் பத்து ரூபாய் அதிகமாக் குடுத்துட்டேன். "அப்பா, கட்டைப் பிரிக்காம கழிச்சுட்டீங்க"ன்னான். கடையில இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்.

அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் குடுத்த பெரியவர் இங்கதான் உக்காந்திருக்கார். அவருக்கும், ஈர்க்குச்சியோட வெயில்ல உக்காந்து சொல்லிக்குடுத்த ரெண்டு டீச்சருக்கும், உங்க எல்லாருக்கும் நன்றி. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது, இந்த 46 பேரும் திரும்ப வரணும். ஒரு பிள்ளைகூடக் குறையக் கூடாது.



#நம்மஊர்பள்ளி #மூன்றாம்பருவம் #பத்துநிமிடம்