இசை வரலாற்றைக் காதால படிக்கலாம்

செமஸ்டர் நெருங்குது. இசை வரலாறு பேப்பருக்கு எப்படிப் படிக்கிறதுன்னு சிலர் கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். வாசிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். எக்ஸாம் ஹாலில் உட்கார்ந்ததும் வருஷமெல்லாம் கலந்துடும். அதுக்கு நான் மூணு வழி சொல்றேன். உதாரணத்துக்கு மும்மூர்த்திகள் பாடத்தையே எடுத்துக்கலாம்.

முதல்ல, ஒரு சார்ட் பேப்பர்ல காலக்கோடு போடுங்க. சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசுவாமி தீட்சிதர் 1775. மூணு பேரும் பிறந்தது திருவாரூர். கீழே இன்னொரு கோடு: தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜியின் ஆட்சி, 1798 முதல் 1832 வரை. மூணாவது கோடு ஐரோப்பா. அங்கே பீத்தோவன். அவரும் சியாமா சாஸ்திரியும் இறந்தது ஒரே வருஷம், 1827. தனித்தனியா மறந்துபோற வருஷங்கள், பக்கத்து பக்கத்துல வச்சா மனசுல நிக்கும்.

ரெண்டாவது, ஒவ்வொரு தகவலுக்கும் 'ஏன்'னு கேளுங்க. வயலின் ஏன் நம்ம கச்சேரிக்குள்ள வந்துச்சு? கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மெட்ராஸில் ஐரோப்பிய இசை கேட்டுச்சு. தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி வயலின் கத்துக்கிட்டார். தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார், அதுதான் நோட்டுஸ்வரம். ஒரு காரணம் பிடிபட்டா, மூணு தகவல் தானா பின்னாடி வந்துடும்.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம்: பாட்டைக் கேளுங்க. ஒரு நோட்டுஸ்வரம் கேட்டுட்டு, உடனே தீட்சிதரோட விளம்பகாலக் கிருதி ஒண்ணு கேளுங்க. முதல்ல கேட்டதுல ஸ்வரங்கள் நேரா நிக்கும். ரெண்டாவதுல கமகத்தோட அசைஞ்சு அசைஞ்சு போகும். ரெண்டும் ஒரே ஆள் செஞ்சது! கேட்டதை உங்க வார்த்தையில மூணு வரி எழுதி வைங்க. பரீட்சையில் அந்த மூணு வரிதான் விடையா விரியும்.

கடைசியா, புத்தகத்தை மூடிட்டு, ஃப்ரெண்டுக்குச் சொல்ற மாதிரி சத்தமா சொல்லிப் பாருங்க. எங்க தடுமாறுதோ அதை மட்டும் மறுநாள் படிங்க. நாலு நாள் கழிச்சு மறுபடி சொல்லுங்க.

ஒரு பாட்டுகூட கேட்காமலே இந்தப் பேப்பரைப் பாஸ் பண்ணிடலாம்ங்க. ஆனா அப்புறம் ஒரு சபாவில் போய் உட்காரும்போது, படிச்சதுல எதுவும் காதுல விழாது. அதுக்காகத்தான் சொல்றேன்: இன்னைக்கு ராத்திரி நோட்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஹெட்போனை மாட்டுங்க.