எந்த ஊசி? யார் கையால்?



அடுத்த மாதம் மகளுக்குத் திருமணம். அதற்குள் முகம் பளபளக்க வேண்டும் என்று அழகு நிலையம் ஒன்றில் முன்பணம் கட்டிவிட்டு வந்த சகோதரி ஒருவர், "எந்த ஊசி நல்லது?" என்று என்னிடம் கேட்டார்.

எல்லா ஊசியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஹைலூரோனிக் அமிலம் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. தவறாகிப் போனால் ஹைலூரோனிடேஸ் மருந்தால் கரைக்கலாம். பாலி லாக்டிக் அமிலம் உடலையே கொலாஜன் உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. ஆனால், பலன் தெரிய மாதங்கள் ஆகும். கரைக்கவும் மருந்து இல்லை. பி.ஆர்.பி. நம் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. பலன் ஆளுக்கு ஆள் மாறும். 'சால்மன் ஊசி' மீனின் மரபணுப் பொருள். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, அடுத்த மாதத் திருமணத்துக்குப் பாலி லாக்டிக் உதவாது. முதன்முறை போடுபவருக்குக் கரைக்கக்கூடியதே பாதுகாப்பு.

அதைவிட முக்கியம், ஊசி போடும் கை. மருந்து இரத்தக் குழாயை அடைத்தால் கண் பார்வையே போகலாம். மலேசியாவில் அழகு நிலையங்களுக்கு ஊசி போட அனுமதி கிடையாது. பொது மருத்துவர் என்றாலும் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

அந்தச் சகோதரியிடம் இதைத்தான் சொன்னேன்: "முன்பணம் போனால் சம்பாதிக்கலாம். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கக் கண் வேண்டுமே, அம்மா!"