ஒரு கால் மட்டும் வீங்கினால்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கால் வீங்கினால் நம் வீடுகளில் வாதம் என்பார்கள், அல்லது யானைக்கால் என்பார்கள். யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிக்கப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் உறுதிப்படுத்தியது. ஆகவே ஒரு கால் மட்டும் வீங்கினால் வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

எங்கள் நினைவில் நிற்கும் தாய் ஒருவர் படுவான்கரையைச் சேர்ந்தவர். பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் இடது கால் தொடைவரை வீங்கியது. துடக்குக் கழியட்டும் என்று எண்ணெய் பூசி உருவிவிட்டார்கள். நாலாம் நாள் மூச்சு முட்டியபோதுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். காலின் ஆழமான நாளத்தில் உறைந்த இரத்தத்தில் ஒரு துண்டு நுரையீரலை அடைந்திருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தால் பிழைத்துக்கொண்டார். பிள்ளைக்குப் பாலும் கொடுத்தார். ஆனால் அந்த நாலு நாளும் உயிரோடு விளையாடிய நாட்கள்.

ஏன் இடது கால்? அக்காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளம், வலது காலுக்குப் போகும் நாடிக்கும் முள்ளந்தண்டுக்கும் நடுவில் நசிந்து கிடக்கிறது. 1957 இல் மே, தேர்னர் என்ற இரு வைத்தியர்கள் 430 சடலங்களை ஆராய்ந்து, ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் அவ்விடத்தில் நாளத்தின் உட்புறம் தடித்திருப்பதைக் கண்டார்கள். பெரும்பாலானோருக்கு இதனால் தொல்லை வராது. கர்ப்பம், பிரசவம், நீண்ட படுக்கை, சில கருத்தடை மாத்திரைகள், நெடுந்தூர விமானப் பயணம் சேரும்போதுதான் ஆபத்துக் கூடுகிறது. சிலருக்கு நசிந்த இடத்தில் ஸ்டென்ட் வைத்து வழியைத் திறக்கலாம்.

கர்ப்பப்பையின் நார்க்கட்டியோ சூலகக் கட்டியோ பெரிதாகி நாளத்தை அழுத்தினாலும் ஒரு கால் வீங்கலாம். கட்டியை அகற்றினால் வீக்கமும் வடியும். மூட்டுவாதம் உள்ளவர்களின் முழங்காலுக்குப் பின்னால் உண்டாகும் நீர்க்கட்டி உடைந்தால், கெண்டைக்கால் திடீரென வீங்கி நோகும். பார்வைக்கு இரத்தக்கட்டி போலவே இருக்கும், சிகிச்சை வேறு. டொப்ளர் ஸ்கான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

சகோதரிகளே, தையல் நாடாவை எடுங்கள். முழங்காலுக்குக் கீழே 10 சென்ரிமீற்றரில் இரண்டு கால்களையும் அளந்து பாருங்கள். 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வித்தியாசம் குறைவென்றாலும், புதிதாக வந்த வீக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். உருவிவிட வேண்டாம். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் உடனே 1990 ஐ அழையுங்கள்.

மண்முனையில் பாதைக்குக் காத்திருந்த காலம் போய், 2014 இல் பாலமும் திறந்தாயிற்று. இப்போது தாமதம் நம் வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது. வீங்கிய காலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு சமைக்கும் அம்மாவை, அக்காவை, மகளை இன்று வீட்டுக்குப் போனதும் ஒருமுறை கேளுங்கள்.